களைத்தவனுக்கு முதலில் அப்பம்

தவக்காலத் தொடக்கத்தில் குடும்பமாகச் செபமாலை சொல்ல உறுதி எடுக்கிறோம். மூன்றாம் வாரத்தில் மனம் சோர்ந்துவிடுகிறது. "எனக்கு மனவுறுதி இல்லை" என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

இறைவாக்கினர் எலியாவும் இப்படிச் சோர்ந்தவரே. பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. வானதூதர் வழியாக அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார், இரண்டாம் முறையும் உண்ணச் செய்தார். அதன் பின்னரே 40 நாள் நடை (1 அரசர் 19).

நமது தலவில அன்னம்மாள் திருத்தல மரபும் இதையே நினைவூட்டுகிறது. மன்னாருக்கும் கொழும்புக்கும் இடையே கால்நடையாகச் சென்ற ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர், களைத்து மரத்தடியில் உறங்கியபோதே புனிதையின் காட்சி பெற்றாராம்.

ஆகவே சோர்வைப் பாவமென்று எண்ணாதீர்கள். விடியும்வரை கடலில் வலை இழுத்தவரை 53 மணி செபத்துக்கு வற்புறுத்தாதீர்கள். முதலில் அவர் உண்ணட்டும், உறங்கட்டும். அன்று ஒரு தேவ இரகசியம் போதும். ஆனால் இளைப்பாறுவது வேறு, கைவிடுவது வேறு. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் முழந்தாளிடுங்கள். ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதீர்கள்; நமது நெடும் பயணத்துக்குரிய அப்பம் அங்கேதான் இருக்கிறது.