சேற்றில் சேரும் விஷம்... சோற்றுக்கும் வருமா?

ஆவடியில் குடியிருக்கும் நமக்கும் கடலடிச் சேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது! பருத்திப்பட்டு ஏரியின் உபரிநீர் கூவத்தில் சேர்கிறது. கூவம் நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. இந்த வழியில் இறங்கும் சாக்கடையும் பட்டறைக் கழிவும் 'தொலைந்தது சனியன்' என்று போய்விடுவதில்லை.

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் காய்கறிக் குப்பை மாதிரி மக்காது. நீரிலுள்ள நுண்ணிய களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டதும் அந்தக் களிமண் திரண்டு அடியில் படியும். மேலே தண்ணீர் தெளிந்திருந்தாலும் கீழே விஷம் தங்கியிருக்கும்! எண்ணூர் கழிமுகச் சேற்றிலும் இத்தகைய உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அந்தச் சேற்றில் வாழும் புழு, மட்டி, நண்டு உடம்பில் உலோகம் சேரும். இதில் பாதரசம் தனி ரகம். சேற்றுப் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் அளவு ஏறிக்கொண்டே போகும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களைத் தாக்கியது. 1956-ல் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அதிக பாதிப்பில்லாமல் இருந்த தாய்மார்களுக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. அந்தக் கடலடிச் சேற்றை அகற்றி மூடும் வேலை 1977-ல் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது!

அதற்காக மீனே வேண்டாம் என்று பயந்துவிடாதீர்கள். புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் தரும் நல்ல உணவு அது. தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டால் போதும்.

* பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து தருவது நம் வழக்கம். ஆனால் சுறா பெரிய மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வது. பாதரசம் அதிகம் சேரும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு அது வேண்டாமே!

* நெத்திலி, மத்தி போன்ற சின்னக் கடல் மீன்களில் பாதரசம் குறைவு.

* சாக்கடை கலக்கும் கழிமுகத்தில் பிடித்த மட்டி, நண்டு, மீனைத் தவிருங்கள். எங்கே பிடித்தது என்று மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

* கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது.

* பழைய பேட்டரி, டியூப்லைட், உடைந்த தெர்மாமீட்டரைச் சாக்கடையிலோ குப்பையிலோ வீசாமல், தனியே கட்டி வைத்து மாநகராட்சி ஊழியரிடம் சொல்லிக் கொடுங்கள்.

நம் தெருச் சாக்கடை கடல்வரை போகிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்!