சிலையைவிடப் பெரிய மரியாதை

கேள்வி: விளையாட்டை விட்டுப் போர்க்களம் போய் உயிர் கொடுத்தவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

பதில்: பேட் டில்மன். அமெரிக்கக் கால்பந்தில் அரிசோனா கார்டினல்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். 36 லட்சம் டாலர் ஒப்பந்தம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, 2002-ல் தம்பி கெவினோடு ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்தபோது வயது 27.

எதிரிகள் சுட்டதாக ராணுவம் அறிவித்தது. வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் கொடுத்தது. அஞ்சலிக் கூட்டமும் நடந்தது. சொந்தப் படையினரின் குண்டே அவரைக் கொன்றது என்ற உண்மை, பல வாரம் கழித்துத்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது. தாய் மேரி விடவில்லை. ஆவணம் ஆவணமாகப் படித்தார், அதிகாரிகளை விடாமல் கேட்டார். 2007-ல் விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக்கே வந்தது. பெற்ற வயிறு கேட்ட கேள்விகள் அவை! வீரருக்குப் பொய்க்கதை கட்டுவது அவரை இன்னொரு முறை கொல்வது என்றே நினைக்கிறேன்.

அவரது 40-ஆம் எண் சட்டையை கார்டினல்ஸ் அணி வேறு யாருக்கும் தருவதில்லை. அரங்க வாசலில் சிலையும் உண்டு. எனக்கு இவற்றைவிடப் பிடித்தது, அவர் பெயரிலான அறக்கட்டளை, முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுக்கும் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்துவருவது.