உருவத்தில் உறையும் அரசியல்

அனிமேஷன் துறையில் அடியெடுத்து வைக்கும் இளம் கலைஞருக்கு,

ஒரு படத்தின் அரசியல் அதன் வசனத்தில்தான் இருக்கிறது என்று எண்ணி இத்துறைக்கு வருபவர், ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கி, பிக்ஸார் தயாரித்து, 2008இல் வெளியான 'வால்-ஈ' என்ற விண்வெளிச் சாகசப் படத்தை ஒருமுறையாவது ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். குப்பை மேடாகிவிட்ட பூமியிலிருந்து ஐந்தாண்டு உல்லாசப் பயணமாகப் புறப்பட்ட மனிதர்கள், அரசாகவும் அங்காடியாகவும் இருந்த ஒரே நிறுவனத்தின் 'ஆக்ஸியம்' கப்பலில் 700 ஆண்டுகளாகத் தங்கிவிட்ட கதை அது. அக்கப்பலின் சுவரில் வரிசையாக மாட்டப்பட்ட கப்பல் தலைவர்களின் படங்களில், ஒவ்வொருவரும் முந்தையவரைவிடப் பருத்துக்கொண்டே போக, பின்னால் தெரியும் 'ஆட்டோ' என்னும் தானியங்கி மாலுமியோ படத்துக்குப் படம் நெருங்கி வருகிறது. ஆள வேண்டியவர் கையிலிருந்து அதிகாரம் கருவியிடம் நழுவிய வரலாறு அங்கே ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கிவிடுகிறது. ஓர் அறிவிப்பு ஒலித்ததும் பயணிகளின் சிவப்பு உடைகள் அனைத்தும் நீலமாக மாறும் காட்சி, தாமே தேர்ந்தெடுப்பதாக நுகர்வோர் நம்பும்போதே அந்தத் தேர்வு வேறெங்கோ முடிந்துவிட்டதைக் காட்டுகிறது.

பாத்திர வடிவமைப்பு, அதாவது ஒரு பாத்திரத்தின் உடலையும் அசைவையும் தீர்மானிக்கும் பணி, இந்த அளவுக்கு வலிமை வாய்ந்தது என்பதாலேயே அதில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆயுதம் தாங்கிய ஈவ் என்னும் ரோபோ பெண்ணாகவும், பழம்பொருள் சேர்த்துக் காதலுக்கு ஏங்கும் வால்-ஈ என்னும் ரோபோ ஆணாகவும் அமைந்ததில், பாலினத்துக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் குணங்கள் இடம் மாறுகின்றன. பயணிகளின் உடல்களில் அத்தகைய கவனம் முழுமையாக இல்லை. எடையற்ற சூழலில் எலும்பு தேய்ந்ததே அவர்கள் நிலைக்குக் காரணம் என்று படம் போகிறபோக்கில் சொன்னாலும், கண்ணுக்குத் தெரிவது சோம்பலின் தண்டனையாகக் காட்டப்படும் பருமன்தான் என்ற விமர்சனம் எழுந்தது நியாயமே. இறுதியில் கப்பல் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, நடந்து சென்று ஆட்டோவை அணைக்கும் காட்சி அரசியல் நோக்கில் சிறப்பானது. ஆனால் எழுந்து நிற்பதே விடுதலையின் அடையாளமாகும்போது, நிற்க இயலாதவரின் விடுதலை எவ்வடிவம் பெறும் என்ற கேள்விக்கு அப்படத்தில் இடமே இல்லாமல் போகிறது.

ஆகவே பிரதிநிதித்துவம் என்பதை எத்தனை வகை மனிதர்கள் திரையில் தோன்றுகிறார்கள் என்ற கணக்காக மட்டும் இளங்கலைஞர் கொள்ளலாகாது. முடிவெடுக்கும் வாய்ப்பு யாருக்குத் தரப்படுகிறது என்பதே அதன் உரைகல். ஜான், மேரி என்ற இரு பயணிகள், முகத்துக்கு முன்னிருந்த திரை விலகியதும் தாமாகவே சுற்றிலும் பார்க்கத் தொடங்கி, பின்னர் சரிந்து வரும் குழந்தைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அவர்கள் உடல் மாறவில்லை, ஆயினும் கேலிப்பொருளாக இருந்தவர்கள் மனிதர்களாகிவிடுகிறார்கள். நையாண்டி செய்ய ஓர் உருவத்தை வரைபவர், அவ்வுருவம் தன் விருப்பப்படி ஒரு செயலையேனும் செய்யும் காட்சியைக் கதைப்பலகையில், அதாவது படப்பணிக்கு முன் வரையும் காட்சி வரிசையில், சேர்த்துவிட்டாரா என்று பார்த்த பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்வது முறை.