‘ஓர் எழுத்தை அழிக்கும்’ என்றால் எந்த எழுத்து?

கல்வராயன் மலைப் பள்ளியில், உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்காக டெக்ஸ்ட் எடிட்டர் கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து வருகிறேன். பாடப் பகுதிகளைவிட அதிக நேரம் எடுத்தவை கடைசி இரண்டு பக்கங்கள்தாம்: சொல் விளக்கப் பட்டியல். மாணவர்கள் கையேட்டை முதலிலிருந்து படிப்பதில்லை. சிக்கிக்கொண்டால்தான் பட்டியலைப் புரட்டுகிறார்கள்.

‘சேமி: கோப்பைச் சேமிக்கும் கட்டளை’ என்பது போன்ற விளக்கங்களைப் பல கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதால் பயனில்லை. ‘திரையில் தட்டியதைக் கோப்பில் எழுதி வைக்கும், எழுதி வைக்காவிட்டால், மின்சாரம் போகும்போது தட்டியதும் போய்விடும்’ என்று மாற்றினால் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடினமானது பேக்ஸ்பேஸ். ‘இடப்பக்கமுள்ள ஓர் எழுத்தை அழிக்கும் விசை’ என்பது வழக்கமான விளக்கம். ஆங்கிலத்துக்கு இது சரி. தமிழில் ‘கொ’ என்று தட்டி பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான எடிட்டர்களில் கொம்பும் காலும் மறைந்து ‘க’ நிற்கும். ‘கொ’ ஓர் எழுத்து என்று தமிழ் வகுப்பில் படித்த பிள்ளை, விசை பழுதென்றோ தான் தட்டியது தவறென்றோ நினைக்கிறது. உண்மையில் விளக்கம்தான் பிழை.

இலக்கணத்தில் க் + ஒ = கொ. யூனிகோடில் அடிப்படை ‘க’. அதனுடன் ‘ொ’ தனிக் குறியாகச் சேர்கிறது. ‘க்’ என்பதுகூட அங்கே ‘க’வும் புள்ளியும்தான். மெய்யை அடிப்படையாகக் கொண்ட நம் இலக்கணத்துக்கு இது தலைகீழ். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம் இது.

எனவே இப்படித் திருத்தினேன்: ‘பேக்ஸ்பேஸ்: கர்சருக்கு இடப்பக்கத்தில் கடைசியாக உள்ள குறியை அழிக்கும். கொ என்பது க ஆகும்.’ உடனே ‘குறி’க்கும் விளக்கம் தேவைப்பட்டது: ‘க, ம, அ போன்ற எழுத்து, அல்லது அதனுடன் சேரும் ா, ி, ொ, புள்ளி போன்றவற்றில் ஒன்று.’ ஒரு விளக்கத்தைச் செப்பனிட்டால் பக்கத்து விளக்கமும் அசையத்தான் செய்யும். ‘டெலிட்’ அப்படித்தான் அசைந்தது. ‘கொ’வுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலிட்டை அழுத்தினால், பெரும்பாலும் முழு எழுத்தும் போய்விடுகிறது. இரண்டையும் ‘அழிக்கும் விசை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்காது.

1985-இல் வெளியான ஜிஎன்யூ ஈமேக்ஸ் எடிட்டரின் கையேட்டிலும் இத்தகைய பட்டியல் உண்டு. எழுத்து சேரும் இடத்தை அது ‘பாயிண்ட்’ என்கிறது. அந்த இடம் ஓர் எழுத்தின் மேல் இல்லை, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கிறது என்றும் தெளிவாக்குகிறது. திரையில் கர்சர் கட்டம்போல் ஓர் எழுத்தை மூடி நின்றாலும் அதுதான் பொருள். இந்த நுணுக்கத்தை நம் ‘கர்சர்’ விளக்கத்தில் சேர்த்தபின், பேக்ஸ்பேஸ் ஏன் இடப்பக்கம் அழிக்கிறது, டெலிட் ஏன் வலப்பக்கம் அழிக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

நீங்களும் வகுப்பில் செய்து பார்க்கலாம். கரும்பலகையில் ‘கள்ளக்குறிச்சி’ என்று எழுதி எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள்: 8. பிறகு குறிகளை எண்ணச் சொல்லுங்கள்: 14. அடுத்து அதே சொல்லைக் கணினியில் தட்டி, முழுவதும் அழிய பேக்ஸ்பேஸை எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்று பார்க்கட்டும். அதன்பின் ‘எழுத்து எண்ணிக்கை’ என்ற சொல்லுக்கான விளக்கத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.