செயின்ட் டோனட்ஸ்: கடலோரக் கோட்டைக்குள் ஒரு பன்னாட்டுப் பள்ளி

வேல்ஸின் தென்கரையில், கடலை நோக்கிச் சரியும் பள்ளத்தாக்கின் தலைப்பில் நிற்கும் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில், 1962ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக் கல்லூரி நடைபெற்றுவருகிறது. பெயர் கல்லூரி என்றாலும் இது உறைவிடப் பள்ளியே. பள்ளிப்படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளை இங்கே முடித்து, பல நாட்டு மாணவர் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர்.

சென்று சேரும் வழி

கார்டிஃப் நகரிலிருந்து லான்ட்விட் மேஜர் என்னும் சிற்றூருக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அவ்வூரின் இல்டுட் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. 6ஆம் நூற்றாண்டில் இல்டுட் என்னும் துறவி மடப்பள்ளி நடத்திய தலம் அது. கல்லூரி மாணவர் குடியிருக்கும் இடமாதலால், முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, குறித்த நாளில் வரவேண்டும். அனுமதி கிடைக்காதவர்கள், 2012இல் திறக்கப்பட்ட வேல்ஸ் கடற்கரை நடைபாதை வழியாக வந்து, கடல்முகப்பை வெளியிலிருந்து காணலாம்.

கோட்டை

பல நூற்றாண்டுகள் ஸ்ட்ராட்லிங் குடும்பத்தார் வாழ்ந்த இக்கோட்டையை, அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1925இல் வாங்கினார். இங்கிலாந்தின் பிராடன்ஸ்டோக் துறவிமடத்திலிருந்து அவர் பெயர்த்துக் கொணர்ந்து சேர்த்த மண்டபத்தின் மரக்கூரையை, உள்ளே செல்வோர் அண்ணாந்து பார்க்கத் தவறக்கூடாது.

படிப்பும் சேர்க்கையும்

ஐ.பி. எனப்படும் பன்னாட்டுப் பட்டயப் படிப்பை முதலில் ஏற்ற பள்ளிகளுள் இது ஒன்று. ஆறு பாடங்களுடன், 4,000 சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரையும், ஒன்றை அறிந்தோம் என எதனால் சொல்கிறோம் என்று வினவும் அறிவுக் கோட்பாடும், படைப்பு, உடலுழைப்பு, சேவை ஆகியவையும் அதில் அடங்கும். யுனைட்டெட் வேர்ல்ட் காலேஜஸ் என்னும் பள்ளிக் கூட்டமைப்பின் முதல் பள்ளி இதுவே. மாணவரைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டுத் தேசியக் குழுக்களே தேர்ந்தெடுப்பதால், இந்திய மாணவர் இந்தியக் குழுவின் வழியாக விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் வசதியைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு. இதே கூட்டமைப்பின் மஹிந்திரா கல்லூரி, புணேவுக்கு அருகில் 1997 முதல் இயங்குகிறது.

கடற்படகுத் துறை

நாஜிகளை எதிர்த்ததால் 1933இல் சிறைப்பட்டுப் பின் பிரிட்டனில் குடியேறிய ஜெர்மானியக் கல்வியாளரும் இப்பள்ளியை நிறுவியவருமான கர்ட் ஹான், பகைநாட்டு இளைஞர்கள் ஒன்றாகப் படிப்பதோடு, ஒன்றாகப் பிறர் உயிரைக் காக்கவும் பழகவேண்டும் என்று கருதியதால்தான் இப்பள்ளி கடற்கரையில் அமைந்தது பொருத்தமாயிற்று. முதல் தலைமையாசிரியரான டெஸ்மண்ட் ஹோரும் மாணவரும் 1960களில் படகு கட்டிச் சோதித்தனர். கடினமான அடித்தளத்தைச் சுற்றிக் காற்றடைத்த குழாய் பொருத்திய அவ்வடிவம், இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் ஓடும் படகுகளுக்கு முன்னோடியாகும்.

இங்கே கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு உலகிலேயே மிக அதிகமான இடங்களுள் ஒன்று என்பதால், ஓத நேர அட்டவணையைப் பார்த்த பிறகே கரையில் இறங்கவேண்டும். சுண்ணாம்புக் கல்லும் களிக்கல்லும் மாறிமாறி அடுக்கிய பாறைச் சுவர்களிலிருந்து கற்கள் பெயர்ந்து விழக்கூடுமாதலால் அவற்றின் அடியில் நிற்கலாகாது. மண்டபத்தை மட்டும் பார்த்துத் திரும்புவோர் கோட்டையைப் பார்த்தவராவர். நீர் வற்றிய வேளையில் படகு இறங்கும் சரிவைக் கண்டவரே பள்ளியைப் பார்த்தவராவர்.