ஆய்வுக்கூடமும் ஆலையும்

ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் அறிவு மக்கள் அனைவருக்கும் பயன்பட வேண்டுமாயின், அதற்குத் தொழிலின் துணை வேண்டும். இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்று இன்சுலின் என்னும் மருந்தின் வரலாறு.

உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொள்ளக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் இன்றியமையாதது. அது சுரவாதொழிந்தால் நீரிழிவு நோய் உண்டாகும். நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நோய்க்கு ஆளான சிறுவர் பிழைப்பது அரிது. உணவைப் பெரிதும் குறைப்பதொன்றே அவர்தம் வாழ்நாளைச் சிறிது நீட்டிக்கும் வழியாக இருந்தது.

1921-ஆம் ஆண்டில், கனடாவிலுள்ள டொராண்டோப் பல்கலைக் கழகத்தில், பேராசிரியர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங் என்னும் மருத்துவரும் பெஸ்ட் என்னும் மாணவரும் விலங்குகளின் கணையத்திலிருந்து சாறு எடுத்து ஆராய்ந்தனர். 1922 சனவரி 11 அன்று லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு ஊசி வழியே செலுத்தப்பட்டது. மாசு மிகுந்திருந்தமையால் அது போதிய பயன் தரவில்லை. வேதியியல் வல்லுநர் காலிப் அதனைத் தூய்மைப்படுத்தினார். சனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது சிறுவனது இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது, உடல் தேறியது. அவன் பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

எனினும், இடர் அத்துடன் தீரவில்லை. மிகுந்த அளவில் செய்ய முற்பட்டபோது மருந்து ஆற்றலற்றுப் போயிற்று. நோயாளரோ பலர், மருந்தோ சிறிது. ஆகவே 1922 மே மாதத்தில் பல்கலைக் கழகம், அமெரிக்க நாட்டு எலி லில்லி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அமெரிக்காவில் ஓராண்டுக் காலம் அந்நிறுவனத்துக்குத் தனியுரிமை; பின்னர்ப் பிறரும் உரிமம் பெறலாம். செய்முறையில் காணும் புதுமைகளை இரு சாராரும் ஒருவருக்கொருவர் அறிவித்தல் வேண்டும். இறைச்சிக் கூடங்களிலிருந்து மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்கள் ஆலைக்கு வந்தன. கரைசலின் புளிப்புத் தன்மையைத் தக்கவாறு அமைத்தால் இன்சுலின் கரையாது படியும் என்பதை அந்நிறுவனத்தின் வேதியியலார் வால்டன் கண்டார். அதனால் தூய மருந்து பேரளவில் கிடைத்தது. 1923-இல் அது விற்பனைக்கு வந்தது.

பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக் கழகத்துக்கே அளித்தனர். உரிமை அதனிடம் இருந்தமையால், மருந்தின் தரத்தைச் சோதித்து உரிமம் வழங்க இயன்றது. 1923-இல் பாண்டிங்கும் மக்லியாடும் நோபல் பரிசு பெற்றனர். பாண்டிங் பெஸ்டுக்கும், மக்லியாடு காலிப்புக்கும் பரிசுத் தொகையில் பங்களித்தனர்.

ஆலையின்றேல் அம்மருந்து சில நோயாளர்க்கே எட்டியிருக்கும். பல்கலைக் கழகம் உரிமையைக் கைவிட்டிருப்பின், அது ஒருவரின் தனி உடைமையாகியிருக்கக் கூடும். அறிவும் தொழிலும் பொதுநலம் என்னும் வரம்புக்குள் கைகோத்து நடக்கும்போதே உலகம் உய்கிறது.