பேய் எவ்வளவு வேகமாக ஓடும்?



ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இவற்றை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பேய் எவ்வளவு வேகமாக ஓடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லித் தந்தது உண்டா? சிரிக்க வேண்டாம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நான் இந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நடந்த ஒரு சம்பவம்தான் என்னைக் கேட்க வைத்தது.

எங்கள் தெருவில் நடந்தது

நான் குடியிருப்பது தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில். 2022ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை மாலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு கதையோடு வந்தாள். ஏரிக்கரைப் பக்கம் இருட்டும் வேளையில் ஒரு பெண் நடமாடுகிறாளாம். முகத்தைத் துணியால் மூடியிருப்பாளாம். கணவன் வீட்டார் கொன்றுவிட்ட பெண்ணாம்; பழிவாங்க வந்திருக்கிறாளாம். அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாதாம்.

நான் சிரித்தேன். மறுநாள் கல்லூரியில் தேநீர் வேளையில் அதையே வேடிக்கையாக நண்பர்களிடம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அக்கம்பக்கத்துப் பள்ளி வேன்களில் எல்லாம் இதே பேச்சு.

சனிக்கிழமை மாலை மின்சாரம் இல்லை. ராஜேந்திர பிரசாத் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கும் ஒரு மூதாட்டி வந்துகொண்டிருந்தார். குப்பையின் தூசிக்கும் நாற்றத்துக்கும் பயந்து மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார். விளையாடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் அலறினான். மற்றவர்கள் கல்லை எடுத்தார்கள். நாங்கள் ஓடிச் சென்றபோது அவருடைய புருவத்துக்கு மேலே இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் மூன்று தையல் போட்டார்கள். கல்லெறிந்த பையன்கள் பொல்லாதவர்கள் அல்லர். "பயந்துட்டோம் சார்" என்று அழுதார்கள்.

அன்றிரவு என் மகள் கேட்டாள்: "அப்பா, நானும் நாலு பேர்கிட்ட சொன்னேனே, அது தப்பா?" நானும் நான்கு பேரிடம் சொன்னவன்தானே! அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

பழிவாங்கும் பேய்கள்

பழிவாங்கும் பெண் பேய் நமக்குப் புதியவள் அல்லள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். வணிகன் ஒருவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியிலும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர்" என்று ஊரார் முன் அழுகிறாள். அவனுடைய உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்து எழுபது வேளாளர்கள் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் மாண்டதும் வாக்குத் தவறாமல் அவர்களும் தீயில் இறங்குகிறார்கள். 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு இருக்கிறது.

ஜப்பானிலும் இத்தகைய பேய்கள் உண்டு. அவற்றை 'ஓன்ர்யோ' என்பார்கள். ஹிமேஜி கோட்டையில் 'ஓகிகுவின் கிணறு' என்று ஒரு கிணற்றை இன்றும் காட்டுகிறார்கள். பத்துத் தட்டுகளில் ஒன்றைத் தொலைத்தாள் என்று பொய்ப்பழி சுமத்திக் கொல்லப்பட்ட பணிப்பெண் ஓகிகு. இரவில் கிணற்றிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒன்பதோடு நிறுத்திக் கதறுவாளாம்.

இரு நாட்டுக் கதைகளும் ஓர் அநியாயத்தில்தான் தொடங்குகின்றன. அந்த அநியாயத்தை ஊர் மறவாமல் இருக்க இவை உதவின என்றுகூடச் சொல்லலாம். இவை கூத்து மேடையிலும் கதைப்பாட்டிலும் மெல்ல மெல்லப் பரவின. ஆனால் 1979இல் ஜப்பானில் தோன்றிய பேய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை.

100 மீட்டர், 3 விநாடி

அந்தப் பேயின் பெயர் 'குச்சிசாகே ஒன்னா'. 'வாய் கிழிந்த பெண்' என்று பொருள். சளிக்காலத்தில் ஜப்பானியர் பலரும் அணிவதைப் போன்ற முகமூடியை அவள் அணிந்திருப்பாளாம். பள்ளியிலிருந்து தனியே வரும் பிள்ளையை நிறுத்தி, "நான் அழகாக இருக்கிறேனா?" என்று கேட்பாளாம். "ஆம்" என்றால் முகமூடியைக் கழற்றுவாளாம். வாய் காதுவரை கிழிந்திருக்குமாம். தப்பி ஓடலாம் என்றால் அதுவும் முடியாது. அவள் 100 மீட்டரை 3 விநாடியில் ஓடுவாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

நல்ல வேளை, வேகத்தைச் சொல்லிவிட்டார்கள்! நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மீட்டரை 3 விநாடியில் கடந்தால் மணிக்கு 120 கிலோமீட்டர். 2009இல் உசைன் போல்ட் அதே தூரத்துக்கு 9.58 விநாடி எடுத்துக்கொண்டார். ஜப்பானின் நீளம் சுமார் 3,000 கிலோமீட்டர். ஆகவே இந்தப் பேய் ஒரு முனையில் புறப்பட்டால் 25 மணி நேரத்தில் மறுமுனையை அடைந்துவிட வேண்டும்.

நடந்தது என்ன? 1978ஆம் ஆண்டின் இறுதியில் கிஃபு மாகாணத்தில் இப்பேச்சு தொடங்கியது. 1979 ஜனவரியில் அங்குள்ள ஒரு நாளிதழில் செய்தியாக வந்தது. கோடைக்குள் நாடு முழுவதும் பரவியது. பல ஊர்களில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். காவலர்கள் ரோந்து சுற்றினார்கள். ஆக, 25 மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்துக்குப் பேய் ஏறத்தாழ அரையாண்டு எடுத்துக்கொண்டது.

வேகத்தை அளந்தால், செல்வது எது என்று கண்டுபிடிக்கலாம். மின்னலையும் இடியையும் இப்படித்தானே பிரித்தறிகிறோம்? பேயின் வேகம் இதில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் தனிப்பயிற்சி வகுப்புக்கும் நடந்து போகும் பிள்ளைகளின் வேகமே இருக்கிறது. இன்னொரு சான்றும் உண்டு. ஆகஸ்டில் கோடை விடுமுறை வந்தது, பிள்ளைகள் வகுப்பில் கூடுவது நின்றது, பேயும் அடங்கிவிட்டது! பழிவாங்க வந்த பேய்க்குப் பள்ளி விடுமுறை எதற்கு?

கல்பாக்கத்தில் ஒரு பாடம்

இனி, ஒரு கதை எப்படிப் பெருகுகிறது என்று பார்ப்போம்.

அஸ்தினாபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில், கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. யுரேனியம்-235 அணுக்கரு ஒன்றை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது பிளக்கிறது. பிளக்கும்போது சராசரியாக இரண்டரை நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவை வேறு அணுக்கருக்களைப் பிளக்கலாம். இதுவே தொடர்வினை. ஒரு பிளவு அடுத்த தலைமுறையில் எத்தனை பிளவுகளை உண்டாக்குகிறது என்பதைப் பெருக்க எண் என்போம். அது 1க்கு மேல் இருந்தால் வினை பெருகும். சரியாக 1 ஆனால் சீராக நடக்கும். 1க்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும்.

வதந்தியும் இப்படியே. கதை கேட்ட ஒரு மாணவி மறுநாள் நான்கு பேரிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நால்வரில் இருவர் அதை நம்பி, அதற்கு அடுத்த நாள் ஆளுக்கு நான்கு பேரிடம் சொல்கிறார்கள். பெருக்க எண் 2. சொல்பவர் எண்ணிக்கை நாளுக்கு நாள் 1, 2, 4, 8 என ஏறும். 11ஆம் நாளில் மட்டும் புதிதாகச் சொல்பவர் 1,024 பேர். 24 நாள்களில் சொன்னவர்கள் மொத்தம் 1,67,77,215 பேர்! உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறாது. ஏற்கெனவே கேட்டவர்களிடமே கதை திரும்பத் திரும்பப் போகும். அதனால்தான் ஜப்பானில் சில வாரங்கள் போதாமல் மாதங்கள் ஆயின.

இப்போது சிறு மாற்றம் செய்வோம். கேட்பவர்களில் பாதிப்பேர் சொல்வதற்குப் பதிலாக ஐந்தில் ஒருவர் மட்டும் சொல்கிறார். பெருக்க எண் 4 × 1/5 = 0.8. சொல்பவர் எண்ணிக்கை 1, 0.8, 0.64 என இறங்கும். இந்த முடிவிலாத் தொடரைக் கூட்டினால் விடை 5. அதாவது சராசரியாக ஐந்து பேர் சொல்வார்கள், இருபது பேர் கேட்பார்கள். அத்துடன் கதை முடிந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் எங்கே, ஐந்து எங்கே! நடுவில் நிற்பது கேட்டவுடன் வாயைத் திறக்காத சில பேர் மட்டுமே.

கதை ஏன் நம் ஊர் உடையை உடுத்துகிறது?

கதை பெருகும்போது மாறவும் செய்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றிய சோதனைகளை விவரித்தார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் பேய்க்கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். புரியாத பகுதிகள் உதிர்ந்தன. பழக்கமில்லாத பொருள்கள் பழக்கமானவையாக மாறின. மரத்தோணி வெறும் படகாயிற்று.

எங்கள் தெருக் கதையிலும் இதுவே நடந்தது. என் மகள் கேட்டபோது 'ஏரிக்கரைப் பக்கம்' இருந்த பெண், வெள்ளிக்கிழமைக்குள் 'எங்கள் சந்து முனைக்கு' வந்துவிட்டாள். 'யாரோ சொன்னார்கள்' என்பது 'என் நண்பனின் அண்ணன் பார்த்தானாம்' என்று ஆயிற்று. கண்டவர் எப்போதும் இரண்டு ஆள் தள்ளியே இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். நேரில் பார்த்த ஒருவரை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. முகத்தை மூடிய ஒரு பெண் தெருவில் வந்ததும், கதைக்கு ஓர் உடல் கிடைத்துவிட்டது.

பேய் இல்லாமலும் இது நடக்கும். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகத் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. அந்த ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து சென்ற ஒரு குடும்பத்தினர், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊரார் கூடி அடித்தார்கள். வயதான ஒரு பெண்மணி உயிரிழந்தார். நாட்டின் வேறு பல இடங்களிலும் இத்தகைய கொலைகள் நடந்தன. அதன் பிறகு, அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. பெருக்க எண்ணைக் குறைக்கும் முயற்சிதான் அது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

கட்டுப்பாட்டுத் தண்டுகள்

அணு உலைகளில் வினை அளவு மீறாதபடி கட்டுப்பாட்டுத் தண்டுகள் இருக்கும். காட்மியம், போரான் போன்ற பொருள்கள் நியூட்ரான்களை விழுங்கிவிடும். அத்தண்டு எல்லா நியூட்ரான்களையும் பிடிக்க வேண்டியதில்லை. பெருக்க எண் 1க்குக் கீழே இறங்கும் அளவுக்குப் பிடித்தாலே வினை அடங்கும்.

வகுப்பிலும் அப்படித்தான். பேய் உண்டா, இல்லையா என்று எல்லோரோடும் வாதாடி வெல்ல வேண்டியதில்லை. யாராவது ஒரு கதை சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நீயே பார்த்தாயா? பார்த்தவர் யார், அவரிடம் போய்க் கேட்கலாமா? இந்தக் கதையால் யாருக்காவது அடி விழுமா? விடை கிடைக்கும்வரை அதை அடுத்தவரிடம் சொல்லாதீர்கள். அவ்வளவே. நீங்கள் ஒரு தண்டு ஆகிவிட்டீர்கள்.

செய்து பாருங்கள்: பத்து மாணவர்களை வரிசையில் நிறுத்துங்கள். ஐந்து வாக்கியமுள்ள ஒரு சிறு கதையை முதல் மாணவருக்கு மட்டும் காதில் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஒரே முறை சொல்லட்டும். பத்தாவது மாணவர் சொல்வதை எழுதி, முதல் கதையோடு ஒப்பிடுங்கள். எது உதிர்ந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று பட்டியலிடுங்கள். மனித வாழ்வில் நடக்கக்கூடிய ஒரு கதையும் பேய்க்கதை ஒன்றும் எடுத்து இரு முறை செய்தால் இன்னும் சுவையாக இருக்கும்.

என் மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தப்புதான் அம்மா. உன் தப்பில் பாதி என்னுடையது. நான் பெரியவன், கேட்காமல் சொல்லியிருக்கக் கூடாது." மறுநாள் இருவரும் அந்த மூதாட்டியைப் போய்ப் பார்த்தோம். கல்லெறிந்த பையன்களில் இருவரும் கூட வந்தார்கள். நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்த அவர், "என்னைப் பாத்தா பேய் மாதிரியா இருக்கு, கண்ணுங்களா?" என்று கேட்டார். பையன்கள் தலை குனிந்து நின்றார்கள். நானும்தான்.